மோதிரக் கணக்கு: சிறந்த குவார்ட்டர்பேக்கை எதைக்கொண்டு அளப்பது?

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் யார் என்று கேட்டால் ஐந்து பெயர்களைச் சொல்லலாம். ஐந்துக்கும் சான்று இருக்கிறது.

சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ஜோ பர்ரோ 4,918 யார்டு தூரத்துக்குப் பந்தெறிந்தார். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடக்கும் டச்டவுனுக்கு 43 முறை எறிந்தார். இரண்டிலும் அவரே முதலிடம். பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜாக்சன் 41 டச்டவுன் எறிந்தார். எதிரணியிடம் எறிந்து பறிகொடுத்தது நான்கே முறை. தானே பந்தோடு ஓடி 915 யார்டும் சேர்த்தார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக வாக்களிக்கும் 50 பேர் கொண்ட குழு அந்தப் பருவத்தின் கனவு அணியில் முதல் குவார்ட்டர்பேக்காக ஜாக்சனைத் தேர்ந்தெடுத்தது. பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. விருதையோ அதே குழு பஃபலோ பில்ஸின் ஜாஷ் ஆலனுக்குக் கொடுத்தது. முதலிட வாக்குகள் ஆலனுக்கு 27, ஜாக்சனுக்கு 23. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் களமிறங்கிய 16 ஆட்டங்களில் 15இல் அவருடைய அணி வென்றது. முடிவில், 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் மஹோம்ஸின் அணியை 40-22 என்று வீழ்த்தி, கோப்பையோடு ஆட்டநாயகன் விருதையும் வென்றவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஜேலன் ஹர்ட்ஸ். யார்டிலும் டச்டவுனிலும் முதலிடம் பிடித்த பர்ரோவின் அணி பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

ஒரே பருவத்துக்கு இத்தனை பதில் என்றால், நூற்றாண்டைத் தாண்டிய வரலாற்றில் சிறந்தவர் யார் என்ற விவாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த விவாதத்தில் பெரும்பாலும் கடைசிச் சொல்லாக வந்து விழுவது ஒரே வாதம்: யாருக்கு எத்தனை சூப்பர் பவுல்? வென்ற அணியின் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் மோதிரம் அளிப்பது வழக்கம். அதனால் இதை மோதிரக் கணக்கு என்றே சொல்கிறார்கள். கைவசம் உள்ள அளவுகோல்களிலேயே இதுதான் மிகப் பலவீனமானது என்பது என் வாதம். அதைக் கைவிட்டால் ஏழு மோதிரம் வென்ற டாம் பிரேடியின் பெருமை குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அவருக்கான வாதம் மோதிரங்கள் இல்லாமலே வலுவாக நிற்கிறது.

மூன்று நொடிக்குள் நடப்பது

களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். களத்தின் நீளம் 100 யார்டு. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தள்ள, அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக். வாங்கியபின் அவர் ஓட்டக்காரர் கையில் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது முன்னோக்கி எறியலாம். எறிவதென்றால் மூன்று நொடிக்குள் எறிந்துவிட வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் 120, 130 கிலோ எடையுள்ள தடுப்பாட்டக்காரர்கள் அவர்மேல் வந்து விழுவார்கள்.

அந்த மூன்று நொடி தொடங்குமுன்பே வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் தலைக்கவசத்துக்குள் இருக்கும் வானொலி வழியாகத் திட்டத்தைச் சொல்வார். இந்த வசதி 1994இல் வந்தது. ஒவ்வொரு முயற்சிக்குமான கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். பிறகு அவர் தனி ஆள். எதிரே நிற்கும் 11 பேரின் நிலையைப் பார்த்து, யார் பாய்வார், யார் பின்வாங்கிக் காப்பார் என்று கணித்து, தேவையானால் திட்டத்தையே கூவி மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்ததும், எறியைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவர் அடைபட்டிருந்தால் இரண்டாமவர், அவரும் அடைபட்டிருந்தால் மூன்றாமவர் என்று பார்வையை நகர்த்தி, ஆள் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டும்.

கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் அடித்த ஓட்டம் பெரும்பாலும் அவருடையது. குவார்ட்டர்பேக்கின் யார்டு அப்படிப்பட்டதல்ல. முன்வரிசையில் ஐந்து பேர் அவருக்கு நேரம் வாங்கித் தர வேண்டும், ரிசீவர் சரியான கோணத்தில் திரும்ப வேண்டும், பிடிக்க வேண்டும். 2025 ஜனவரி 19 அன்று பஃபலோவில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் ஜாக்சன் ஒன்றரை நிமிடம் மீதமிருக்க டச்டவுன் எறிந்து 27-25 வரை நெருங்கினார். சமன் செய்ய இரண்டு புள்ளி முயற்சி. எல்லைக் கோட்டருகே சக வீரர் மார்க் ஆண்ட்ரூஸ் கைக்குப் பந்து போய்ச் சேர்ந்தது. அவர் நழுவவிட்டார். பால்டிமோர் வெளியேறியது. அதே ஆட்டத்தின் முதல் பாதியில் ஜாக்சன் பந்தை ஒருமுறை எறிந்தும் ஒருமுறை நழுவவிட்டும் இழந்தது உண்மை. ஆனால் பெரிய ஆட்டங்களில் ஜாக்சன் தோற்றுப்போவார் என்ற பேச்சு அன்றிரவு வளர்ந்ததற்குக் காரணம் இன்னொருவர் கையிலிருந்து நழுவிய பந்து.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பாஸர் ரேட்டிங் எனப்படும் எறிதல் மதிப்பெண் 1973இல் தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அமைப்பின் அதிகாரபூர்வ அளவுகோலானது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமையேற்றவர் ஓஹாயோவின் கேன்டன் நகரிலுள்ள கால்பந்துப் புகழ்மன்றத்தைச் சேர்ந்த டான் ஸ்மித். எறிந்தவற்றில் எத்தனை விழுக்காடு பிடிக்கப்பட்டது, ஓர் எறிக்கு எத்தனை யார்டு, டச்டவுன் எத்தனை விழுக்காடு, பறிகொடுத்தது எத்தனை விழுக்காடு என்ற நான்கையும் சேர்த்த கணக்கு அது. உச்ச மதிப்பெண் 158.3. அன்றைய சராசரி ஆட்டக்காரருக்கு 66.7 வரும்படி சூத்திரத்தை அமைத்தார்கள். இன்று லீக் சராசரியே 90ஐ ஒட்டி நிற்கிறது. காலுக்கு ஏற்றபடி செருப்பு வளரவில்லை. சூத்திரம் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டத்தில் கிடைத்த யார்டு இதில் சேராது. எறியுமுன் வீழ்த்தப்பட்டு இழந்த தூரமும் சேராது. மூன்றாம் முயற்சியில் 10 யார்டு தேவைப்படும்போது 5 யார்டு எறிந்தாலும் இந்தக் கணக்கு அதை வெற்றியாகவே எழுதிக்கொள்ளும்.

இந்தக் கடைசிக் குறைக்கு மருந்து கண்டவர்களில் ஒருவர் ஒரு குவார்ட்டர்பேக் என்பது வரலாற்றின் அழகான செய்தி. சின்சினாட்டியில் ஆடிய வர்ஜில் கார்ட்டர், பேராசிரியர் ராபர்ட் மகோலுடன் சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1969 பருவத்தின் ஆட்டத் தரவுகளைக் கொண்டு, களத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் அந்த அணி சராசரியாக எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தன் சொந்த எல்லையை ஒட்டிப் பந்து இருந்தால் எதிர்பார்ப்பு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அடுத்த புள்ளியை எதிரணி எடுப்பதற்கே வாய்ப்பு அதிகம். இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எதிர்பார்ப்புப் புள்ளிக் கணக்கின் வேர் இங்கே இருக்கிறது. ஒவ்வோர் எறியும் அந்த எதிர்பார்ப்பை எவ்வளவு கூட்டியது, எவ்வளவு குறைத்தது என்று பார்ப்பதே அதன் சாரம். 5 யார்டு எறி எப்போது வெற்றி, எப்போது தோல்வி என்பது இதில் தெரிந்துவிடும்.

கார்ட்டருக்கு இன்னொரு பங்கும் உண்டு. அவருடைய தோள் வலுவானதல்ல. அதற்காகவே சின்சினாட்டியின் துணைப் பயிற்சியாளர் பில் வால்ஷ், குறுகிய எறிகளால் களத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தும் தாக்குதல் முறையை வடிவமைத்தார். 1971இல் துல்லிய விழுக்காட்டில் லீக்கின் முதலிடம் கார்ட்டருக்குக் கிடைத்தது. அதே முறையை வால்ஷ் பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். அங்கே அவர் 1979இல் மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்த இளைஞர் ஜோ மான்டானா. நான்கு சூப்பர் பவுல் ஆட்டங்களில் 11 டச்டவுன் எறிந்து, ஒன்றைக்கூடப் பறிகொடுக்காமல், நான்கையும் வென்றவர். அவருடைய பெருமையில் வால்ஷின் பங்கு எவ்வளவு என்பதை எந்தச் சூத்திரமும் பிரித்துக் காட்டியதில்லை. எதிர்பார்ப்புப் புள்ளிக் கணக்குக்கும் இந்த எல்லை உண்டு: அது எறியின் பலனை அளக்கிறது. அந்தப் பலனில் பயிற்சியாளருக்கும் ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் உள்ள பங்கைப் பிரிப்பது இன்னும் கடினமான வேலை.

மோதிரம் யாருடையது?

மயாமி டால்ஃபின்ஸின் டான் மரினோ 1984இல் 48 டச்டவுன் எறிந்தார். அதற்குமுன் இருந்த சாதனை 36. ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிய அந்தச் சாதனை 20 ஆண்டு நிலைத்தது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்த 5,084 யார்டு 27 ஆண்டு நிலைத்தது. அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் மான்டானாவின் அணியிடம் 38-16 என்று தோற்றார். 17 பருவம் ஆடியும் மறுபடி இறுதி ஆட்டத்தை எட்டவில்லை. அந்தப் 17 பருவங்களில் 1,000 யார்டு ஓடிய சக வீரர் அவருக்குக் கிடைத்தது ஒரே முறை, 1996இல்.

2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோரின் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபர். அந்த அணியின் தடுப்பாட்டம் 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது வெறும் 165 புள்ளி, அது சாதனை. அக்டோபரில் தாக்குதல் பிரிவு தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அந்த வறட்சியின் நடுவேதான் டில்ஃபர் பொறுப்பேற்றார். அணி கோப்பையை வென்றது. வென்ற கையோடு அணி நிர்வாகம் டில்ஃபரை விட்டுவிட்டது. மோதிரக் கணக்கில் டில்ஃபர் ஒன்று, மரினோ பூஜ்யம். டில்ஃபரைவிட மரினோ தாழ்ந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே பொய்க்கிற அளவுகோல் நான்குக்கும் ஏழுக்கும் இடையே மட்டும் எப்படி மெய்யாகும்?

பேட்டன் மானிங்கின் வாழ்க்கை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. டென்வருக்காக 2013இல் அவர் 5,477 யார்டு, 55 டச்டவுன் எறிந்தார். வரலாற்றின் மிகச் சிறந்த பருவங்களில் ஒன்று. சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று தோல்வி. 2015இல் அதே அணி, அதே ஆள்: 9 டச்டவுன், 17 பறிகொடுப்பு, நடுவே மாற்று வீரருக்கு இடம் விட வேண்டிவந்தது. அந்தப் பருவத்தில் டென்வர் சாம்பியன். கோப்பையை வென்று தந்தது தடுப்பாட்டம். இறுதி ஆட்டத்தின் நாயகன் தடுப்பாட்டக்காரர் வான் மில்லர். மானிங் மிக நன்றாக ஆடிய ஆண்டில் மோதிரம் இல்லை. மிக மோசமாக ஆடிய ஆண்டில் மோதிரம் வந்தது.

பிரேடியின் ஆறாவது மோதிரம் வந்த வழியையும் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். 2019 ஜனவரி 20, கேன்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானம். சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். ஒரு பக்கம் நியூ இங்கிலாந்து அணியின் 41 வயது பிரேடி, மறுபக்கம் முழுப் பருவம் ஆடிய முதல் ஆண்டிலேயே 50 டச்டவுன் எறிந்திருந்த 23 வயது மஹோம்ஸ். ஏறத்தாழ ஒரு நிமிடம் மீதமிருக்க, கேன்சஸ் சிட்டி 28-24 என்று முன்னிலை. பிரேடி எறிந்த பந்து ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்து, எதிரணியின் சார்வேரியஸ் வார்டிடம் போனது. ஆட்டம் முடிந்தது என்று மைதானமே எழுந்தது. ஆனால் நடுவர் விதிமீறலைக் காட்டும் மஞ்சள் துணியை வீசியிருந்தார். கேன்சஸ் சிட்டியின் டீ ஃபோர்டு, பந்து கிளம்புமுன் தன் பக்கக் கோட்டைத் தாண்டி நின்றிருந்தார். பறிப்பு செல்லாது. பிரேடியின் அணி டச்டவுன் எடுத்தது. மீதமிருந்த நொடிகளில் மஹோம்ஸ் தன் அணியைக் கொண்டுபோய் 31-31 என்று சமன் செய்ய வைத்தார்.

கூடுதல் நேரத்தில் நாணயம் சுண்டினார்கள். நியூ இங்கிலாந்துக்கு விழுந்தது. அன்றைய விதிப்படி முதலில் பந்து பெற்ற அணி டச்டவுன் எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பிரேடி 75 யார்டை 13 முயற்சிகளில் கடத்தினார். நடுவே மூன்று முறை மூன்றாம் முயற்சியில் 10 யார்டு தேவைப்பட்டது. மூன்று முறையும் எறிந்து வென்றார். மகத்தான ஆட்டம், ஐயமில்லை. மஹோம்ஸ் அந்த நேரம் முழுவதும் எல்லைக்கு வெளியே நின்றிருந்தார். பந்தைத் தொடும் வாய்ப்பே வரவில்லை. ஃபோர்டின் பாதம் சற்றுப் பின்னால் இருந்திருந்தால் பிரேடிக்கு ஆறாவது மோதிரம் அந்த ஆண்டு இல்லை. பிரேடியின் எறியும் மஹோம்ஸின் எறியும் அதனால் ஓர் அங்குலம்கூட மாறியிருக்காது.

2022 ஜனவரியில் அதே விதி மறுபக்கம் வெட்டியது. பஃபலோவின் ஜாஷ் ஆலன் கடைசி இரண்டு நிமிடங்களில் அபாரமாக ஆடியும் மஹோம்ஸ் 13 நொடியில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் நாணயம் கேன்சஸ் சிட்டிக்கு விழுந்தது. ஆலன் பந்தைத் தொடாமலே 42-36 என்று தோற்றார். அதன்பின் பிளேஆஃப் ஆட்டங்களில் இரு அணிக்கும் பந்து கிடைக்கும்படி விதியை மாற்றினார்கள். புதிய விதியின்கீழ் கூடுதல் நேரத்துக்குப் போன முதல் ஆட்டம் 2024 பிப்ரவரியின் சூப்பர் பவுல். சான் ஃபிரான்சிஸ்கோ முதலில் மூன்று புள்ளி எடுத்தது. பழைய விதியிலும் பதில் சொல்ல வாய்ப்பு இருந்திருக்கும்தான். ஆனால் டச்டவுன் விழுந்திருந்தாலும் வாய்ப்பு உண்டு என்ற உறுதியோடு அன்று மஹோம்ஸ் இறங்கினார். 75 யார்டை 13 முயற்சிகளில் கடந்து வென்றார். ஐந்தாண்டு முன் பிரேடி கடத்தியதும் அதே 75, அதே 13.

காலத்தோடு மாறிய ஆட்டம்

வேறுவேறு காலத்தவரை ஒப்பிடும்போது எண்கள் இன்னும் கவனம் கேட்கின்றன. 1978இல் இரண்டு விதிகள் மாறின. கோட்டிலிருந்து 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரை இடித்துத் தள்ளத் தடை வந்தது. பிட்ஸ்பர்கின் முரட்டுத் தடுப்பாட்டக்காரர் மெல் பிளவுன்ட் பெயரால் அந்த விதியை இன்றும் குறிப்பிடுகிறார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை நீட்டித் தடுக்கலாம் என்ற சலுகையும் கிடைத்தது. அதற்கு முந்தைய 1977இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எறிந்து ஈட்டிய சராசரித் தூரம் சுமார் 140 யார்டு. அண்மைப் பருவங்களில் அது 200ஐ நன்றாகத் தாண்டிவிட்டது. 2008இல் பிரேடிக்கு முழங்காலில் காயம்பட்ட பிறகு, தாழ்வாக வந்து குவார்ட்டர்பேக்கின் காலைத் தாக்குவதற்கு எதிரான விதி இறுகியது. பருவத்தின் ஆட்டங்களும் 14இலிருந்து 16 ஆகி, 2021இல் 17 ஆகின.

இதையெல்லாம் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால் பால்டிமோர் கோல்ட்ஸின் ஜானி யுனைடஸ் சாதாரண ஆட்டக்காரராகத் தெரிவார். அவருடைய வாழ்நாள் மதிப்பெண் 78.2, இன்று மாற்று வீரர்களே அதைத் தாண்டுகிறார்கள். ஆனால் அவர் ஆடிய காலத்தில் ரிசீவரை வழி முழுக்க இடிக்கலாம். எந்தத் திட்டம் என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் களத்தில் நின்ற அவரே. 1955இல் பிட்ஸ்பர்க் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, பருவம் தொடங்குமுன்பே வெளியேற்றியது. ஓர் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர் அணியில் ஆடினார். மறு ஆண்டு பால்டிமோர் அழைத்தது. தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் எறிந்த அவருடைய சாதனை 1960 முதல் 2012 வரை நின்றது. ஓர் ஆட்டக்காரரைத் தன் காலத்துச் சராசரிக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பதே நியாயம். அந்தக் கணக்கில் யுனைடஸும் 1984இன் மரினோவும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

மோதிரக் கணக்குக்காரர்களும் காலத்தைத் தேர்ந்தெடுத்தே எண்ணுகிறார்கள். கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் ஆட்டோ கிரகாம் 1946 முதல் 1955 வரை 10 பருவம் ஆடினார். 10 முறையும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஏழு முறை வென்றது. அவற்றில் நான்கு, பின்னர் என்.எஃப்.எல். உடன் இணைந்த போட்டி லீக்கில். சூப்பர் பவுல் என்ற பெயர் அப்போது இல்லை. வெற்றி எண்ணிக்கையே முடிவு என்றால் கிரகாம் பிரேடிக்குச் சமமாக நிற்க வேண்டும். அவர் பெயரை விவாதத்தில் எடுப்பவர்கள் அரிது.

பட்டியலுக்கே வராதவர்கள்

எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் என்று பட்டியல் போடும்போது, அந்தக் காலங்களில் யாரை ஆட விட்டார்கள் என்ற கேள்வியும் வேண்டும். குவார்ட்டர்பேக் என்பது தலைமைப் பொறுப்பு. சிந்தனை தேவைப்படும் இடம். கறுப்பினத்தவருக்கு அது பொருந்தாது என்ற இனவெறி எண்ணம் பல பதிற்றாண்டுகள் ஆட்டத்தை ஆண்டது. மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வருக்காக 14 டச்டவுன் எறிந்தார். மறு ஆண்டு அவருக்கு அங்கே அந்த இடம் இல்லை; பஃபலோவுக்குப் போய் ரிசீவராக மாறினார். வாரன் மூன் 1978 ஜனவரியில் கல்லூரிக் கால்பந்தின் ரோஸ் பவுல் ஆட்டத்தின் நாயகன். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் 12 சுற்றிலும் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவின் எட்மன்டனுக்குப் போனார். தொடர்ந்து ஐந்து முறை அந்த நாட்டுச் சாம்பியன் அணியில் இருந்தார். 1984இல் ஹூஸ்டன் அவரை அழைத்தது. அதன் பிறகும் 49,325 யார்டு எறிந்தார். 2006இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார். இளமையின் ஆறு ஆண்டுகள் அவருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை.

1988 ஜனவரியில் வாஷிங்டனின் டக் வில்லியம்ஸ் ஒரே கால் பகுதியில் நான்கு டச்டவுன் எறிந்து டென்வரை 42-10 என்று வீழ்த்தினார். சூப்பர் பவுலில் களமிறங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். வென்ற முதல்வரும் அவரே. இரு அணியிலும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் நின்ற முதல் இறுதி ஆட்டம் 2023 பிப்ரவரியில்தான் வந்தது: மஹோம்ஸும் ஹர்ட்ஸும். ஜாக்சனை ரிசீவராக மாற்றலாம் என்ற பேச்சு 2018இல்கூட எழுந்தது. 32ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட அவர் இன்று இரண்டு எம்.வி.பி. விருதுகளுக்குச் சொந்தக்காரர். ஆகவே 1946 முதல் 1980கள் வரையான எந்தத் தரவரிசையும் குறைபட்ட பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அதைச் சொல்லாமல் முடிவு கூறுவது அநீதி.

ஆளை அகற்றிப் பார்த்தால்

ஓர் ஆட்டக்காரரின் பங்கை அணியிலிருந்து பிரிக்க வரலாறே சில சமயம் உதவி செய்கிறது. அவர் இல்லாதபோது என்ன நடந்தது, வேறு அணிக்குப் போனபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

2008இல் பிரேடி முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். பள்ளிக் காலத்துக்குப் பிறகு ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத மாட் கேசல் பொறுப்பேற்றார். வெற்றி-தோல்விக் கணக்கில் முந்தைய ஆண்டு 16-0 என்று பருவம் முடித்த நியூ இங்கிலாந்து 11-5 என்று முடித்தது. பந்தில் காற்றுக் குறைத்த விவகாரத்தில் 2016இல் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. இரு மாற்று வீரர்களோடு அணி மூன்றில் வென்றது. பயிற்சியாளர் பில் பெலிசிக் கட்டிய அமைப்பின் வலிமை இதில் தெரிகிறது.

இதன் அருகே மானிங்கை வையுங்கள். கழுத்து அறுவைச் சிகிச்சையால் 2011 முழுவதும் அவர் ஆடவில்லை. முந்தைய ஆண்டு 10-6 என்று முடித்த இண்டியானாபொலிஸ் 2-14 என்று சரிந்தது. 2012இல் அவர் டென்வருக்குப் போனார். 8-8 ஆக இருந்த அந்த அணி 13-3 ஆனது. கோட்டருகே நின்று கைகாட்டி, கூவி, ஒவ்வோர் ஆட்டக்காரரின் இடத்தையும் மாற்றித் திட்டத்தைக் களத்திலேயே எழுதியவர் அவர். மாற்று வீரர்களின் தரம் வேறு என்பது உண்மையானாலும், அமைப்பே அவருடைய தலைக்குள் இருந்தது என்ற முடிவைத் தவிர்க்க முடியாது. ஐந்து எம்.வி.பி. விருதுகள் அதற்கான அங்கீகாரம்.

பிரேடிக்கான சோதனை 2020இல் வந்தது. 20 பருவத்துக்குப் பின் 42 வயதில் டம்பா பேவுக்குப் போனார். முந்தைய ஆண்டு 7-9 என்றிருந்த அணி 11-5 ஆகிச் சூப்பர் பவுலை வென்றது. அவர் விட்டுப்போன நியூ இங்கிலாந்து 7-9 ஆனது. அந்த இறுதி ஆட்டத்தில் 31-9 என்று தோற்றவர் மஹோம்ஸ்; அன்று அவருடைய முன்வரிசையின் இரு முனைக் காவலர்களும் காயத்தால் இல்லை. அந்தக் கோப்பையையும் பிரேடியின் தனிச் சொத்தாக எழுத மாட்டேன். நான் எழுதிக்கொள்வது அடுத்த ஆண்டை: 2021இல் 44 வயதில் 5,316 யார்டு, 43 டச்டவுன். இரண்டிலும் லீக்கின் முதலிடம் அவருக்கே. கோப்பை இல்லாத ஆண்டு அது.

என் தீர்ப்பு

மூன்று கேள்விகளை ஒன்றாக்கிக் கேட்பதால் விவாதம் முடிவில்லாமல் சுழல்கிறது. பிரித்தால் பதில் சொல்ல முடியும். தன் காலத்தை விட்டு மிக உயரமாக எழுந்த ஒற்றைப் பருவம் எது? 1984இன் மரினோ. ஓர் அணியின் தாக்குதலைத் தன் அறிவால் முழுதாகத் தாங்கியவர் யார்? மானிங். முழு வாழ்க்கைக்கு யார்? பிரேடி.

2000ஆம் ஆண்டு டிராஃப்டில் 199ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். தொடக்கத்தில் தடுப்பாட்டத்தை நம்பிய அணியில் தவறு செய்யாமல் ஆடக் கற்றார். 2007இல் ரிசீவர் ராண்டி மாஸ் கிடைத்ததும் நீண்ட எறிகளால் 50 டச்டவுன் எறிந்தார். பிறகு ராப் கிரான்கவ்ஸ்கி போன்ற உயரமானவர்களைக் கொண்டு களத்தின் நடுப்பகுதியை ஆண்டார். டம்பா பேவில் புதிய பயிற்சியாளரின் முறையை நாற்பதைத் தாண்டிய வயதில் கற்றுத் தேறினார். 23 பருவம், 89,214 யார்டு, 649 டச்டவுன். இத்தனை வேறுபட்ட தாக்குதல் முறைகளில் இத்தனை காலம் முன்வரிசையில் நின்றவர் இன்னொருவர் இல்லை. அவருடைய ஏழு மோதிரங்களையும் கழற்றி வைத்துவிட்டு இதை மட்டும் பார்த்தாலும் முதலிடம் அவருக்கே.

இப்போது ஆடுவோரில் 2018 முதல் 2024 வரை ஏழு பருவமும் தொடர்ந்து லீக்கின் கடைசி நான்கு அணிகளுக்குள் தன் அணியைக் கொண்டுவந்தவர் மஹோம்ஸ். பிரேடியை அவர் எட்டுவாரா என்று கேட்பவர்கள் மோதிரத்தை எண்ணுகிறார்கள்: மூன்று முடிந்தது, இன்னும் நான்கு. அந்தக் கூட்டல் கழித்தலில் எதுவும் தெரியாது. முப்பத்தைந்திலும் நாற்பதிலும் கால் வேகம் குறைந்த பிறகு, கேன்சஸ் சிட்டியின் ஆண்டி ரீட் அல்லாத ஒரு பயிற்சியாளரிடம் அவர் எப்படி எறிகிறார் என்பதில்தான் பதில் இருக்கிறது.

ஜாஷ் ஆலனும் லமார் ஜாக்சனும் 2024 பருவம் முடியும்வரை ஒரு சூப்பர் பவுலில்கூட ஆடவில்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பூஜ்யத்தை முதல் வரியில் வைப்பவர்கள் மரினோவுக்குச் செய்த அநீதியை மறுபடி செய்கிறார்கள். ஓர் அணியில் 53 பேர். கோப்பை அவர்கள் அத்தனை பேருக்கும் உரியது, தோல்வியும் அப்படியே. குவார்ட்டர்பேக்குக்கு உரியது அந்த மூன்று நொடியில் அவர் எடுக்கும் முடிவு. அதை அளக்கும் கருவிகள் கார்ட்டர் காலத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்துவருகின்றன. அவை இன்னும் முழுமையடையவில்லை. ஆனாலும் மோதிரத்தைவிட நேர்மையானவை.